சிரிஞ் பம்புக்கு ஆர்.டி.ஓ.எஸ்.: யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறை தொடங்குவோருக்கு

கொக்குவிலில் வீட்டு முன்னறையை வேலையறையாக்கி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சிரிஞ் பம்ப் ஒன்றின் (சிரிஞ்சை மோட்டரால் மெதுவாகத் தள்ளி நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவி) கட்டுப்பாட்டு மென்பொருளை எழுத ஒப்புக்கொண்டேன். மூன்றாவது கிழமையே மோட்டர் சுழன்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் போயிற்று. நிரலை இரண்டு தடவை முதலிலிருந்து எழுதினேன்; ஆவணக் கோவை மூன்று தடவை திரும்பி வந்தது. அந்த மாதங்களில் பெரும்பங்கு, முதல் பத்து நாளுக்குள் எடுத்து எழுதி வைத்திருக்கவேண்டிய முடிவுகளை எடுக்காமல் விட்டதால் போனது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்த பிள்ளைகளும், வெளிநாட்டு உறவினர் மூலம் இப்படி வேலை கிடைத்தவர்களும் இப்போது என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆர்.டி.ஓ.எஸ். என்பது, ஒவ்வொரு வேலையும் குறித்த நேரத்துக்குள் முடியும்படி ப்ரொசெசரைப் பங்கிடும் நிகழ்நேர இயங்குதளம். அதன் மையப் பகுதிதான் கேர்னல். சி மொழி தெரியும், எஸ்.டி.எம்.32 மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ஒன்றில் லைட் மின்னவைத்திருக்கிறீர்கள் என்றால் போதும். நீங்கள் செய்வது வென்டிலேற்றராகவோ குழந்தை இன்கியூபேற்றராகவோ இருந்தாலும் படிகள் இவைதான். எண்கள் மட்டும் மாறும்.

1. நிரல் எழுதமுன் தீங்குப் பட்டியல்

ஒரு கொப்பி எடுத்து, கருவி பிழைத்தால் நோயாளிக்கு என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மருந்து கூடப் போதல். குறையப் போதல். குழாய் அடைபட்டு அமுக்கம் ஏறி, அடைப்பு விலகியதும் தேங்கிய மருந்து ஒரேயடியாகப் பாய்தல். சிரிஞ் முடிந்தும் சத்தம் வராதிருத்தல். கரண்ட் போய் வந்தபின் வேறு வேகத்தில் தொடங்குதல்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இந்தப் பிழை வந்தால் கருவி எந்த நிலைக்குப் போகவேண்டும்? நான் எல்லாவற்றுக்கும் ‘மோட்டரை நிறுத்து’ என்று எழுதியிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் அயல்வீட்டு அக்காவிடம் கொப்பியைக் காட்டினேன். “தம்பி, பம்ப் நிண்டா எனக்குச் சத்தம் கேக்கவேணும். ஸ்கிறீனைப் பார்த்துக்கொண்டு நிக்க எனக்கு எங்க நேரம்?” என்றார். நோர்அட்ரினலின் போன்ற மருந்து நின்றால் சில நிமிடங்களிலேயே இரத்த அழுத்தம் விழும் என்பதையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். ஆகவே இந்தக் கருவியின் பாதுகாப்பு நிலை ‘நிறுத்து’ அல்ல, ‘நிறுத்து, உடனே கத்து’. அந்தக் கத்தல் ப்ரொசெசர் செத்துப்போனாலும் கேட்கவேண்டும். அதற்காக அலாரத்துக்குத் தனி மின்சுற்றும், பிரதான மின்வழங்கல் போனாலும் சில நிமிடம் தாங்கும் தனிக் கொள்ளளவியும் வைத்தோம். இந்த ஒரு உரையாடல் மின்சுற்றுப் பலகையையே மாற்றியது. பலகை அச்சிட்டு வந்தபின் நடந்திருந்தால் எவ்வளவு காசு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மென்பொருளை மட்டும் நம்பிக் கடைசிக் காவலை விடாதீர்கள். தெராக்-25 என்ற கதிர்ச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைக் கொடுத்தது. முந்திய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பையும் நிரலிடம் கொடுத்திருந்தார்கள்.

இந்தப் படிக்குச் செலவு இல்லை, ஒரு கிழமை போதும். இந்தப் பட்டியல்தான் பின்னர் மருத்துவக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14971 தரநிலை கேட்கும் இடர் முகாமைக் கோவையின் முதற்பக்கம். தேதி போட்டு வையுங்கள்.

2. கால எல்லையைத் தீங்கிலிருந்து கணக்கிடுதல்

‘10 மில்லிசெக்கன் போதும்’ என்று வாய்க்கு வந்ததைப் போடாதீர்கள். மதிப்பாய்வு செய்பவர் கேட்கும் முதற் கேள்வியே அந்த 10 எங்கிருந்து வந்தது என்பதுதான்.

சிரிஞ்சின் உள்விட்டம் 27.6 மி.மீ. எனக் கொள்வோம். 1 மி.லீ. தள்ள 1.67 மி.மீ. நகரவேண்டும். மணிக்கு 6 மி.லீ. என்றால் மணிக்கு 10 மி.மீ. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் திருகாணியும், ஒரு சுற்றுக்கு 3,200 நுண்படியும் இருந்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 9 படி. மிக மெதுவான வேலை. இதைப் பார்த்து ‘அவசரமே இல்லையே’ என்று நான் ஏமாந்தேன்.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற பம்பில் ஒரு வேக ஓட்டம் உண்டு. மணிக்கு 1,200 மி.லீ. வேகத்தில் அது ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது நிறுத்தும் கட்டளை 200 மில்லிசெக்கன் பிந்தினால் 0.067 மி.லீ. கூடப் போகும். துளி அளவுதான். ஆனால் மணிக்கு 0.5 மி.லீ. வீதம் செறிவான மருந்து பெறும் சின்னப் பிள்ளைக்கு அது எட்டு நிமிட மருந்து. குழாயைக் கழற்றிவிட்டுத்தான் வேக ஓட்டம் செய்யவேண்டும் என்பது விதி. இரவு மூன்று மணிக்கு வேலை செய்யும் களைத்த கை அதை மறக்கலாம். எனவே மிக மோசமான ஓட்டநிலையை வைத்துத்தான் எல்லையை எழுதவேண்டும். எங்களுக்கு அது 20 மில்லிசெக்கன் என்று வந்தது, மேலே சொன்ன பிள்ளைக்கு 48 செக்கன் மருந்து. அந்த எண்ணை ஏற்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். அவர் ஏற்றுக் கையெழுத்திட்ட தாளைக் கோவையில் சேர்த்துவிடுங்கள்.

3. எந்தக் கேர்னல்? அல்லது கேர்னலே வேண்டாமா?

முதலில் இரண்டாவது கேள்வி. சென்சர் ஒன்றைப் படித்து றிலே ஒன்றைத் திறக்கும் கருவிக்கு ஆர்.டி.ஓ.எஸ். தேவையில்லை. டைமர் ஒன்றின் தாளத்தில் ஓடும் ஒரே வளையம் போதும். அதை மெய்ப்பிப்பதும் சுலபம். வெவ்வேறு வேகத்தில் ஓடவேண்டிய நாலைந்து வேலைகள் (டாஸ்க்குகள்) இருந்து, அவற்றில் ஒன்று நீளமாக ஓடி மற்றதைப் பிந்தச் செய்யக்கூடும் என்றால்தான் கேர்னல் உதவும். சாதாரண லினக்ஸை மோட்டர் கட்டுப்பாட்டுக்கு வைக்காதீர்கள். திரைக்கு வைக்கலாம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற கேர்னல் எம்.ஐ.டி. உரிமத்தில் இலவசம், சிறியது, முழுவதையும் உட்கார்ந்து வாசித்துவிடலாம். அதே அமைப்பைப் பின்பற்றி, பாதுகாப்புச் சான்றிதழோடு காசுக்கு விற்கப்படுவது சேஃப்ஆர்டிஓஎஸ். த்ரெட்எக்ஸ் முன்னர் வணிகப் பொருளாக இருந்தது. 2019இல் மைக்ரோசொஃப்ட் கைக்கு வந்து, பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி இப்போது திறந்த மூலம். செஃபர் என்ற இன்னொன்று வசதி நிறைந்தது, கூடவே கற்கவேண்டியதும் நிறைய. முதற் கருவிக்கு நான் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எழுதிப் பழகச் சொல்வேன். சான்றிதழ் கட்டாயம் என்று தெரிந்தால் சேஃப்ஆர்டிஓஎஸ்ஸுக்குப் பெயர்வது ஓரளவு இலகு.

இங்கே பலர் இடறுகிறார்கள்: ‘சான்றிதழ் பெற்ற கேர்னல் வாங்கினால் எங்கள் கருவியும் சான்றிதழ் பெற்றதாகிவிடும்’ என்று நினைப்பது. ஆகாது. கேர்னலுக்கான ஆவணங்கள் கையோடு கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் டாஸ்க்குகளுக்கு நீங்கள்தான் எழுதவேண்டும். சான்றிதழ்க் கேர்னலின் விலை இணையத்தில் இருக்காது. கேட்டு எழுதினால் ஆயிரக்கணக்கான டொலரில் விலைக்கூற்று வரும். யார் அதைக் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மருத்துவ மென்பொருளுக்கான ஐ.ஈ.சி. 62304 தரநிலை மென்பொருளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. காயம் வராதென்றால் ஏ, பாரதூரமற்ற காயம் வரலாம் என்றால் பி, சாவோ பாரிய காயமோ வரலாம் என்றால் சி. பிரித்து வைக்காவிட்டால் உங்கள் திரை நிரலும் படங்காட்டும் நூலகமும் எல்லாமே சி வகுப்புக்குள் இழுபட்டுவிடும். அதனால் நாங்கள் திரைக்கென்று இரண்டாவது மைக்ரோகொன்ட்ரோலர் ஒன்றைப் போட யோசித்தோம். சில டொலர் சேமிக்கலாம் என்று கைவிட்டோம். அந்தச் சில்லறைச் சேமிப்பு எனக்குப் பல கிழமை ஆவண வேலையாகத் திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கக்கூடிய மிக மலிவான பாதுகாப்பு, தனி சிப் ஒன்றுதான்.

4. டாஸ்க்குகளும் நேரக் கணக்கும்

எங்கள் பட்டியலைத் தருகிறேன். பாதுகாப்புக் கண்காணிப்பு: 5 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 0.4 மில்லிசெக்கன் ஓடும். மோட்டர் கட்டுப்பாடு: 10க்கு ஒருமுறை, 1.5. அமுக்கச் சென்சர் படித்து வடிகட்டல்: 20க்கு ஒருமுறை, 3. திரையும் பட்டன்களும்: 50க்கு ஒருமுறை, 12. பதிவு எழுதல்: மிச்ச நேரத்தில்.

ஓடும் நேரத்தைச் சுற்று நேரத்தால் பிரித்துக் கூட்டுங்கள்: 8, 15, 15, 24, மொத்தம் 62 சதவீதம். அடிக்கடி ஓடும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்தால் எவ்வளவு பாரம் வரை எல்லாம் நேரத்துக்கு முடியும் என்பதை லியூ, லேலண்ட் இருவரும் 1973இல் காட்டினார்கள். இரண்டு டாஸ்க்குக்கு 82.8 சதவீதம், மூன்றுக்கு 78, நாலுக்கு 75.7, எத்தனை கூடினாலும் 69.3. எங்கள் 62 அதற்குள் அடங்குகிறது. இந்த அரைப்பக்கக் கணக்கு இருந்தால் மதிப்பாய்வில் அரைமணி நேர வாக்குவாதம் மிச்சம். ஆனால் டாஸ்க்குகள் ஒன்றையொன்று காத்திருக்கச் செய்யாதபோதுதான் அது செல்லும். அந்த நிபந்தனையை மறந்துதான் நான் விழுந்தேன், அடுத்த படியில் சொல்கிறேன்.

0.4, 1.5 என்ற எண்களைச் சராசரியாக எடுக்காதீர்கள். டாஸ்க் தொடங்கும்போது சிப்பின் ஒரு காலை (பின்) உயர்த்தி, முடியும்போது தாழ்த்தி, அந்த ஏற்ற இறக்கங்களை நேரத்தோடு பதியும் லொஜிக் அனலைசரால் ஒரு இரவு முழுக்கப் பதிந்து மிகப் பெரிய எண்ணை எடுங்கள். அதற்கு மேலும் ஒதுக்கம் வையுங்கள். கோர்டெக்ஸ்-எம்4 சிப் என்றால் அதன் உள்ளேயே சுழற்சி எண்ணி இருக்கிறது, எம்0இல் இல்லை.

இரண்டு பேரில் ஒருவராவது விழும் மூன்று குழிகள். முதலாவது, சுற்று டாஸ்க்கில் ‘10 மில்லிசெக்கன் உறங்கு’ என்று எழுதுவது. வேலைக்கு 1.5 போனபின்தான் உறக்கம் தொடங்கும். கேர்னல் நேரத்தை எண்ணும் அலகான டிக் 1 மில்லிசெக்கன் என்றால் சுற்று 11 ஆகிவிடும். படிகளை அந்த டாஸ்க் எண்ணினால் மருந்து 9 சதவீதம் குறையும். ‘இந்த நேரம் வரை உறங்கு’ என்ற வகைச் செயற்கூறைப் பயன்படுத்துங்கள். மோட்டர் படித் துடிப்பையோ டாஸ்க்கிடம் விடாமல் வன்பொருள் டைமரிடம் கொடுங்கள். இரண்டாவது, முன்னுரிமை எண். ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்கில் பெரிய எண் உயர்ந்தது. கோர்டெக்ஸ்-எம் இன்டரப்ட்டில் (ஓடும் நிரலை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்பு) சிறிய எண் உயர்ந்தது. இரண்டும் எதிரெதிர். மூன்றாவது, கேர்னல் அனுமதித்த எல்லைக்கு மேலான இன்டரப்டிலிருந்து கேர்னல் செயற்கூறுகளை அழைப்பது. நாட்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டுக் காரணமே தெரியாமல் விழும். உருவாக்கக் காலத்தில் கேர்னலின் உள்ளகச் சரிபார்ப்புகளை எல்லாம் திறந்து வையுங்கள், முதல் நாளே காட்டிக்கொடுக்கும்.

5. பூட்டுகள்: என்னை இரண்டு மாதம் அலைத்த இடம்

பம்பின் நிலையை வைத்திருக்கும் ஒரு பொதுக் கட்டமைப்பு இருந்தது. கண்காணிப்பும் அதைப் படிக்கும், பதிவு டாஸ்க்கும் படிக்கும். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் அதைத் தொடும்படி, இருவருக்கும் நடுவே பைனரி செமஃபோர் ஒன்றைப் பூட்டாகப் போட்டேன். மேசையில் நன்றாக ஓடியது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும் வொட்ச்டோக் (நிரல் நேரத்துக்கு அடையாளம் காட்டாவிட்டால் கருவியை மீளத் தொடங்கவைக்கும் காவல் டைமர்) கடித்துக் கருவி திரும்பத் தொடங்கியது. மின்வழங்கலில் சந்தேகப்பட்டு மாற்றினேன். வயரை மாற்றினேன். மோட்டர் இரைச்சல் என்று வடிகட்டிகள் போட்டேன்.

நடந்தது இதுதான். கடைசி முன்னுரிமையில் இருந்த பதிவு டாஸ்க் பூட்டை எடுத்து, எடுத்தபடியே சீரியல் வழியாக ஒரு வரியை அனுப்பியது. 80 எழுத்து, 115,200 பாட் வேகத்தில் ஏறக்குறைய 7 மில்லிசெக்கன். அந்த நேரம் பார்த்து யாராவது பட்டனை அமத்தினால், 12 மில்லிசெக்கன் ஓடும் திரை டாஸ்க் எழும்பிப் பதிவு டாஸ்க்கை ஓரம் தள்ளும். பூட்டோ பதிவு டாஸ்க்கின் கையில். எல்லாரிலும் உயர்ந்த கண்காணிப்பு டாஸ்க், எல்லாரிலும் தாழ்ந்ததற்காக 20 மில்லிசெக்கனுக்கும் மேல் வாசலில் நின்றது. 5 மில்லிசெக்கன் எல்லை எங்கேயோ போய்விட்டது.

இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப மீளத் தொடங்கியதும் இதே வகைப் பிழையால்தான். தரையில் இருந்த மாதிரிக் கலத்தில் பிழையைப் பிடித்து, பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ‘முன்னுரிமை மரபுரிமை’ வசதியைத் திறந்துவிடும் திருத்தத்தை அங்கே அனுப்பிச் சரிசெய்தார்கள்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பைனரி செமஃபோருக்கு அந்த மரபுரிமை இல்லை. மியூடெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பூட்டுக்கு உண்டு. நான் மியூடெக்ஸுக்கு மாற்றினேன், திரை டாஸ்க் குறுக்கே வருவது நின்றது, அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அளந்தால் கண்காணிப்பு இன்னும் பிந்துகிறது. மரபுரிமை இருந்தாலும் பூட்டுக்குள் இருக்கும் அந்த 7 மில்லிசெக்கனைக் காத்துத்தானே ஆகவேண்டும்? பூட்டை எடுத்துக் கட்டமைப்பைப் பிரதி எடுத்து, உடனே பூட்டை விட்டு, பிரதியிலிருந்து எழுதும்படி மாற்றியபின்தான் பிரச்சினை உண்மையிலே தீர்ந்தது. பூட்டு இருக்கும் நேரம் சில மைக்ரோசெக்கனாகக் குறைந்தது.

அதன்பிறகு எந்த வேலையிலும் பூட்டுப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன்: பூட்டின் பெயர், எடுக்கும் டாஸ்க்குகள், மிக நீண்ட பிடிப்பு நேரம், இரண்டு பூட்டு வேண்டுமென்றால் எது முதலில். பூட்டுக்குள் சீரியல், ஃபிளாஷ், திரை, காத்திருப்பு எதுவும் கூடாது. முடிந்தால் பூட்டே வேண்டாம். ஒவ்வொரு தரவுக்கும் ஒரே சொந்தக்கார டாஸ்க் இருக்கட்டும், மற்றவை வரிசையில் செய்தி அனுப்பட்டும்.

6. நினைவகம்

ஓடும்போது ஹீப்பில் (தேவைக்கேற்ப எடுத்து விடும் பொது நினைவகம்) இடம் எடுப்பதும் விடுவதும் வேண்டாம். துண்டு துண்டாகிப் பத்தாவது நாள் இடமில்லாமல் போகும். பாதுகாப்பான சி நிரலுக்கான மிஸ்ரா சி விதிகளும் இதைத் தவிர்க்கத்தான் சொல்கின்றன. ஃப்ரீஆர்டிஓஎஸ் 9ஆம் பதிப்பிலிருந்து டாஸ்க், வரிசை, பூட்டு எல்லாவற்றையும் நிலையான நினைவகத்தில் உருவாக்கலாம். அப்படிச் செய்தால் இடம் போதாதது தொகுக்கும்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு டாஸ்க்கின் தற்காலிகத் தரவும் இருக்கும் ஸ்டாக்கின் அளவை ஊகிக்காதீர்கள். ஒவ்வொரு டாஸ்க்கும் அதுவரை தொட்ட ஆழத்தைக் கேர்னல் சொல்லும். எல்லா அலாரங்களையும் ஒன்றாகக் கிளப்பி, மிக மோசமான நிலையில் அதைப் படியுங்கள். தசம எண்ணை அச்சிடும் செயற்கூறு ஒன்றே ஸ்டாக்கில் பாதியை விழுங்கக்கூடும். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகள் கூடாது, ஆழத்தைக் கணிக்க முடியாது. சிப்பில் நினைவகப் பாதுகாப்பு அலகு இருந்தால் பயன்படுத்துங்கள்.

7. வொட்ச்டோக்

டைமர் இன்டரப்டில் வைத்து வொட்ச்டோக்குக்குச் சாப்பாடு போடுவதைப் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன். டாஸ்க்குகள் எல்லாம் செத்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நாய் குரைக்கவே குரைக்காது. சரியான முறை: ஒவ்வொரு டாஸ்க்கும் தன் சுற்று முடிந்ததும் ஒரு கொடியை உயர்த்தவேண்டும். எல்லாக் கொடியும் நேரத்துக்கு உயர்ந்தால் மட்டும் கண்காணிப்பு டாஸ்க் சாப்பாடு போடவேண்டும்.

எஸ்.டி.எம்.32எஃப்4இன் தனி வொட்ச்டோக், சிப்பின் உள்ளேயுள்ள மெதுவான அலையாக்கியில் ஓடுகிறது. 32 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் தரவுத்தாளில் 17 முதல் 47 வரை என்றிருக்கும். 100 மில்லிசெக்கன் என்று நீங்கள் வைத்தது உண்மையில் 68ஆகவும் இருக்கலாம், 188ஆகவும் இருக்கலாம். நான் 100 என்றே ஆவணத்தில் எழுதிவிட்டேன். மதிப்பாய்வில் சிவப்பு மையில் திரும்பி வந்தது. 188 என்று வைத்தால் வேக ஓட்டத்தில் 20 மில்லிசெக்கன் எல்லையை வொட்ச்டோக்கால் காப்பாற்ற முடியாது. அதனால் வேக ஓட்டப் பட்டனையே மோட்டரின் மின்வழியில் நேரடியாகச் சேர்த்தோம். கையை எடுத்தால் நிரல் என்ன நினைத்தாலும் மோட்டர் நிற்கும்.

மீளத் தொடங்கும் கணத்தில் ப்ரொசெசரின் கால்கள் மிதந்துகொண்டிருக்கும். அப்போது மோட்டர் இயக்கி அணைந்திருக்கும்படி மின்தடை போட்டு இழுத்துவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் ஏ4988 மோட்டர் இயக்கி மொடியூலில் இயக்கும் கால் தாழ்ந்திருந்தால்தான் இயங்கும், ஆகவே அதை மேலே இழுக்கவேண்டும். மீளத் தொடங்கிய காரணத்தைப் படித்துப் பதிவில் எழுதவும் மறக்காதீர்கள்.

8. எண்ணி நிரம்பும் நாள்

1 மில்லிசெக்கன் டிக்கை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். போயிங் 787இல் மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாள் தொடர்ந்து மின்னூட்டத்தில் இருந்தால் ஒன்றாக அணையக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நூறிலொரு செக்கனை 31 பிட்டில் எண்ணினால் வருவதும் அதே 248 நாள்தான்.

‘இப்போதைய நேரம் பெரிதா’ என்று ஒப்பிடாமல், குறியில்லா எண்ணில் கழித்துக் கிடைக்கும் இடைவெளியை ஒப்பிடுங்கள். இதைச் சோதிக்க 50 நாள் கருவியை ஓடவிட இங்கே யாராலும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை இடியில் ஒரு கிழமை தொடர்ந்து ஓடுவதே பெரும்பாடு. கேர்னலின் தொடக்க டிக் எண்ணை நிரம்ப ஒரு நிமிடம் இருக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். தேநீர் குடித்து முடியமுன் சோதனை முடிந்துவிடும்.

9. ஆவணங்கள்

கோவையில் இருக்கவேண்டியவை: மென்பொருள் திட்டம், தேவைகள், இடர்க் கோவை, கட்டமைப்பு விளக்கம், சி வகுப்பென்றால் விரிவான வடிவமைப்பு, அலகுச் சோதனைகள், ஒருங்கிணைப்புச் சோதனைகள், முழுக்கருவிச் சோதனை, வழுப் பதிவேடு. இவற்றோடு, நீங்கள் எழுதாமல் வெளியிலிருந்து எடுத்த மென்பொருட்களின் பட்டியல். கேர்னல், சிப் நிறுவனத்தின் நூலகம், சி நூலகம் எல்லாம் அதற்குள் வரும்.

எங்கள் கோவை முதற்தடவை திரும்பியது அந்தப் பட்டியலில் கேர்னலின் பதிப்பு எண் இல்லாததால். ‘புதியது’ என்று எழுதியிருந்தேன். துல்லியமான பதிப்பு, அமைப்புக் கோப்பு, அந்தப் பதிப்பில் தெரிந்த வழுக்கள், அவை ஒவ்வொன்றும் எங்களைப் பாதிக்குமா என்ற ஒரு வரி, எல்லாம் வேண்டும். இரண்டாம் தடவை, தேவைக்கும் சோதனைக்கும் தொடர்பு இல்லாததால். தீங்கு எண்ணிலிருந்து தேவை எண், அதிலிருந்து நிரற் கோப்பு, அதிலிருந்து சோதனை எண் என்று ஒரு விரிதாளில் முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். கடைசியில் 140 வரிக்கு உட்கார்ந்து தேடுவது கண்ணீர் வரும் வேலை. மூன்றாம் தடவை, நேர அளவீடுகளை எந்தத் தொகுப்பித் தெரிவுகளோடு, எந்தக் கடிகார வேகத்தில் எடுத்தேன் என்று எழுதாததால். உகப்பாக்கம் இல்லாத நிரலில் எடுத்த எண்ணை, உகப்பாக்கிய நிரலுக்குச் சான்றாக வைக்க முடியாது. அத்தனையும் திரும்ப அளந்தேன்.

10. செலவும் காலமும்

பழகுவதற்கு எஸ்.டி.எம்.32 சிப் உள்ள நியூக்ளியோ போர்ட் இரண்டு வாங்குங்கள், ஒன்று 15 முதல் 25 டொலர். ஒன்றை எரித்தாலும் வேலை நிற்காது. மலிவான ‘புளூ பில்’ போர்ட்டுகளில் போலிச் சிப்கள் நிறைய வருகின்றன. விளையாடிப் பார்க்கலாம், நேர அளவீட்டுச் சான்றுக்கு வைக்காதீர்கள். எட்டு வழி லொஜிக் அனலைசர் பத்துப் பதினைந்து டொலருக்குள் வரும். ஒஸிலோஸ்கோப்பை இரவல் வாங்குங்கள். மின்தடை, வயர், இணைப்பிகள் யாழ் நகரில் கிடைக்கும். மோட்டர் இயக்கி, சென்சர் என்று போனால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஆள் சொல்லிவிடவேண்டி வரும், அல்லது வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவேண்டும். அதற்குக் கிழமைக்கணக்கையும் சுங்க வரியையும் விலைக்கூற்றில் சேர்த்துவிடுங்கள். வயர்லெஸ் உள்ள மொடியூல் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். யு.பி.எஸ். கட்டாயம்.

ஜி.சி.சி. தொகுப்பியும் நிரலில் பிழை தேடும் சிபிபிசெக் ஆராய்வியும் இலவசம். ஐ.ஈ.சி. தரநிலைகள் இலவசம் இல்லை, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சுவிஸ் பிராங்க். வேலை தருபவரிடம் உரிமத்தோடு கேட்டு வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதியைப் பார்த்து வேலை செய்யாதீர்கள். 62304க்கு 2015இல் திருத்தம் வந்தது, வகுப்புப் பிரிக்கும் முறையே அதில் மாறியிருக்கிறது.

இப்போது ஒருவர் கேட்டால் நான் சொல்லும் காலம்: தீங்குப் பட்டியலும் கால எல்லையும் இரண்டு கிழமை, கட்டமைப்பும் நேரக் கணக்கும் இரண்டு, நிரல் ஆறு, சோதனையும் ஆவணமும் எட்டு. நிரலை விடச் சோதனைக்கும் ஆவணத்துக்கும் காலம் கூட என்று சொன்னால் வேலை தருபவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

11. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன்

தண்ணீரும் அளவைக் குவளையும் துல்லியத் தராசும் வைத்து மேசையில் சோதியுங்கள். நோயாளிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், ‘சும்மா பார்க்கத்தான்’ என்றாலும் கூடாது. மனிதரில் சோதிக்க நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். இலங்கையில் விற்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் கருவியைப் பதியவேண்டும். உங்கள் வேலை தருபவர் வெளிநாட்டில் மட்டும் விற்பவர் என்றால் அந்த நாட்டுப் பதிவு அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

தாதியரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது கடமை மாறும் நேரத்தில் போகாதீர்கள். நோயாளி இல்லாத அறையில், தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சோடு கருவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் விளங்கப்படுத்தாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் அக்கா முதல் வேலையாக, அலாரம் அடிக்கும்போதே மூன்று பட்டன்களை ஒன்றாக அமத்தினார். அந்தச் சோதனை என் பட்டியலில் இருக்கவில்லை. அன்றிரவே 141ஆவது வரியாகச் சேர்த்தேன்.